ஷேர் ஃபோல்டரில் பர்மிஷன் சிக்கல்: பழைய ஃபைலைச் சரிசெய்வது பாதி வேலைதான்

லினக்ஸ் ஃபைல் சர்வர் ஒன்று, அதில் சம்பா (ஃபோல்டரை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள்). ஷேரின் பெயர் ‘கணக்கு’. இருக்கும் இடம் /எஸ்ஆர்வி/பகிர்வு/கணக்கு. ‘கணக்கர்’ என்ற குரூப்பில் கணக்கு1, கணக்கு2, கணக்கு3 என மூன்று அக்கவுன்ட். மூவரும் விண்டோஸ் கணினிகளிலிருந்து வருகிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று புகார்கள்:

கணக்கு1 சேமித்த எக்செல் ஃபைல், கணக்கு2-க்கு ‘படிக்க மட்டும்’ என்று திறக்கிறது. முந்தின நாள் வரை அதே ஃபைலில் எழுத முடிந்தது.

கணக்கு3 புதிதாக குரூப்பில் சேர்க்கப்பட்டது. ஷேருக்குள்ளேயே நுழைய முடியவில்லை.

பழைய டிஸ்க்கிலிருந்து நகர்த்தி வைத்த ‘2023’ ஃபோல்டர் யாருக்குமே திறக்கவில்லை.

மூன்றுக்கும் திரையில் வரும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான்: அனுமதி இல்லை. காரணங்கள் மூன்றும் வேறு வேறு. இதனால்தான் பர்மிஷனை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை -ஆர் 777 என்று அடித்துவிட்டு நகர்வதைக் கடுமையாக எதிர்க்க வேண்டியிருக்கிறது. அது இன்றுள்ள ஃபைல்களை எல்லோருக்கும் திறந்துவிடும். நாளை காலை உருவாகும் ஃபைல் மறுபடியும் பழைய பர்மிஷனோடுதான் பிறக்கும். அதோடு, முன்பு எந்த ஃபைலுக்கு என்ன பர்மிஷன் இருந்தது என்ற தகவலும் அழிந்துபோகும். கோளாறைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயம் அதுதான்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு காப்பு:

கெட்எஃப்ஏசிஎல் -ஆர் -பி /எஸ்ஆர்வி/பகிர்வு/கணக்கு > /ரூட்/கணக்கு-பர்மிஷன்.டிஎக்ஸ்டி

இதில் ஆர் பெரிய எழுத்து. -பி முக்கியம். அது இல்லாவிட்டால் பாதையின் முதல் சாய்கோட்டை வெட்டிவிட்டுத்தான் எழுதும். திரும்ப ஏற்றும்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஃபைல்கள் கிடைக்காமல் போகும். ஏதாவது சொதப்பினால் செட்எஃப்ஏசிஎல் --ரீஸ்டோர்= என்று இந்த ஃபைலைக் கொடுத்தால் உரிமையாளர், குரூப், பர்மிஷன் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

எந்தச் செயல் தடைபடுகிறது?

‘திறக்கவில்லை’ என்ற புகாரை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டியல் தெரிகிறதா, ஃபைல் திறக்கிறதா, சேமிக்க முடிகிறதா, புது ஃபைல் போட முடிகிறதா, பெயர் மாற்ற, நீக்க முடிகிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் உரிமை வேறு. ஃபோல்டரின் பட்டியலைப் பார்க்க அந்த ஃபோல்டரில் படிக்கும் உரிமை (4). உள்ளே நுழைய எக்ஸ் உரிமை (1). ஃபைலைப் படிக்க ஃபைலில் 4, அதே ஃபைலில் எழுத 2. 740 போன்ற பர்மிஷன் எண்ணில் மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குரூப், மற்றவர்கள்; ஒவ்வொரு இலக்கமும் இந்த எண்களின் கூட்டல். புதிதாக உருவாக்குவது, பெயர் மாற்றுவது, நீக்குவது மூன்றும் ஃபைலைப் பார்ப்பதில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் 2-ம் 1-ம் சேர்ந்து இருக்கிறதா என்றுதான் லினக்ஸ் பார்க்கும். தன்னால் திருத்த முடியாத ஃபைலை ஒருவர் நீக்கிவிட முடிவது இதனால்தான்.

‘வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்’ என்று செய்தி வந்தால் அது பர்மிஷனே அல்ல, பூட்டு. எஸ்எம்பிஸ்டேட்டஸ் -எல் (பெரிய எழுத்து) கொடுத்தால் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதோடு பர்மிஷன் வேலை முடிந்தது.

மூன்று இடத்தில் நின்று சோதிப்பது

முதல் இடம், சர்வரிலேயே அந்த அக்கவுன்டாக ஒரு காலி ஃபைலை உருவாக்குவது:

சூடோ -யு கணக்கு2 டச் /எஸ்ஆர்வி/பகிர்வு/கணக்கு/சோதனை1

இரண்டாவது, சர்வரிலிருந்தே, ஆனால் சம்பா வழியாக:

எஸ்எம்பிகிளையன்ட் //லோக்கல்ஹோஸ்ட்/கணக்கு -யு கணக்கு2

உள்ளே போனதும் புட் கட்டளையால் ஒரு சின்ன ஃபைலை ஏற்றிப் பார்க்கலாம். இங்கே யு பெரிய எழுத்து. சூடோவில் சின்ன எழுத்து.

மூன்றாவது, பயனரின் விண்டோஸ் கணினியிலிருந்து.

முதலாவதே தோற்றால் கோளாறு ஃபைல் சிஸ்டத்தில். சம்பா கான்ஃபிகைத் திறக்கவே வேண்டாம். முதலாவது தேறி இரண்டாவது தோற்றால் சம்பா அமைப்பு அல்லது எஸ்இலினக்ஸ் (எந்த ப்ராசஸ் எதைத் தொடலாம் என்று லேபிள் வைத்துத் தீர்மானிக்கும் லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு). இரண்டும் தேறி மூன்றாவது மட்டும் தோற்றால் விண்டோஸ் எந்தப் பெயரில் உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று சோதனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் கான்ஃபிகில் வரி மேல் வரியாகச் சேர்ப்பதில்தான் பாதி நாள் போகிறது.

ஒரு எச்சரிக்கை. சூடோ ஒவ்வொரு முறையும் குரூப் பட்டியலைப் புதிதாக எடுக்கும். எஸ்இலினக்ஸ் சம்பாவுக்குப் போடும் கட்டுப்பாடும் அதற்குக் கிடையாது. ஆகவே முதல் சோதனை தேறியது என்பதற்காக அந்த இரண்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

கணக்கு3: உள்ளே வந்தது யார்?

முதல் சோதனை தேறியது, இரண்டாவதும் தேறியது, விண்டோஸில் மட்டும் மறுப்பு. ஐடி கணக்கு3 என்று கேட்டால் குரூப் பட்டியலில் கணக்கர் இருக்கிறது. ஆனால் எஸ்எம்பிஸ்டேட்டஸ் காட்டிய இணைப்பு, குரூப்பில் சேர்ப்பதற்கு முன்பே திறந்தது.

சம்பாவில் ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு தனி எஸ்எம்பிடி ப்ராசஸ் ஓடும். உள்ளே நுழையும் நேரத்தில் அந்த அக்கவுன்டின் குரூப்களை எடுத்து வைத்துக்கொண்டு, இணைப்பு முடியும்வரை அதையே பயன்படுத்தும். நடுவில் சேர்த்த குரூப் அதற்குத் தெரியாது. விண்டோஸில் நெட் யூஸ் * /டெலீட் கொடுத்து, லாக் ஆஃப் செய்து திரும்ப வந்தால் போதும். பயனர் பக்கத்தில் இல்லையென்றால் எஸ்எம்பிஸ்டேட்டஸ் காட்டும் பிஐடி எண்ணை மட்டும் கில் செய்யலாம். மற்றவர்கள் இணைப்பு அறாது. ஆனால் அந்தப் பயனர் ஃபைல் எதையாவது திறந்து வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் செய்யவும்.

குரூப்பில் சேர்க்கும் கட்டளையிலும் கவனம் வேண்டும்: யூசர்மாட் -ஏஜி (ஜி மட்டும் பெரிய எழுத்து) கணக்கர் கணக்கு3. அந்த ‘ஏ’ விடுபட்டால், அக்கவுன்ட் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குரூப்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டுவிடும்.

இதே இடத்தில் இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. சம்பா கான்ஃபிகின் குளோபல் பகுதியில் ‘மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்’ என்று இருந்தால், சர்வரில் இல்லாத பெயரில் வருபவரைச் சம்பா மறுக்காமல் விருந்தினராக ஏற்றுக்கொள்ளும். கெஸ்டை அனுமதிக்கும் ஷேர்களில் பட்டியல் தெரியும், எழுத மட்டும் முடியாது. பயனர் தன் பெயரில் நுழைந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். எஸ்எம்பிஸ்டேட்டஸில் பெயர் ‘நோபடி’ என்று இருந்தால் இதுதான் விஷயம். விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பெயர் சேமிக்கப்பட்டிருக்கும். அதை அழிக்க வேண்டும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் விண்டோஸ் இணையாது, 1219 என்ற பிழை எண் வரும். எனவே பழைய இணைப்பை அறுத்துவிட்டுத்தான் புதுப் பெயரில் நுழைய முடியும்.

‘2023’ ஃபோல்டர்: நகர்த்தியதால் வந்த வினை

இங்கே முதல் சோதனையே தோற்றது. நேம்ஐ -எல் என்ற கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுத்தால், வேரிலிருந்து கடைசி ஃபோல்டர் வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் பர்மிஷனையும் வரிசையாகக் காட்டும். நடுவில் ஒரே ஒரு ஃபோல்டரில் எக்ஸ் இல்லையென்றாலும் அதற்குக் கீழே இருக்கும் எதையும் தொட முடியாது. ஹோம் ஃபோல்டருக்குள் ஷேர் வைப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள், உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆகவே உருவாகின்றன.

நம் பாதையில் மேல் படிகள் எல்லாம் சரி. கடைசிப் படியில் பர்மிஷன் 700. எல்எஸ் -எல்என் போட்டால் உரிமையாளர் எண் 1005, குரூப் எண் 1005. இந்தச் சர்வரில் 1005 என்று யாருமே இல்லை. டிஸ்க்கில் பதிவாவது பெயரல்ல, எண். ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு எம்வி (நகர்த்தும் கட்டளை) செய்யும்போது, அது பழைய எண்களையும் பழைய பர்மிஷனையும் அப்படியே தூக்கிக்கொண்டு வரும். பெற்றோர் ஃபோல்டரின் விதி அதற்குப் பொருந்தவே பொருந்தாது. அந்த விதி புதிதாக உருவாகும் ஃபைலுக்கு மட்டும்தான். என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகளுக்கிடையே பகிரும் முறை) ஷேர்களில் வரும் தொல்லைகளில் பலவும் இதே எண் பொருந்தாமைதான்.

உரிமையாளரையும் குரூப்பையும் சிஎச்ஓன் -ஆர் (பெரிய எழுத்து) கொண்டு மாற்றி, பர்மிஷனைச் சரிசெய்ததும் முதல் சோதனை தேறியது. இரண்டாவது இன்னும் தோற்றது. எல்எஸ் -இசட் (பெரிய எழுத்து) காட்டியது: மற்ற ஃபோல்டர்களில் சம்பா_ஷேர்_டி, இதில் மட்டும் யூசர்_ஹோம்_டி. எம்வி எஸ்இலினக்ஸ் லேபிளையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசென்ட் என்று கேட்டால் எஸ்எம்பிடி மறுக்கப்பட்ட வரி அப்படியே கிடைக்கும். இந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்ற விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதால் ரீஸ்டோர்கான் -ஆர்வி (ஆர் பெரிய எழுத்து) ஒன்றே போதுமானதாக இருந்தது. விதியே இல்லாத சர்வரில் முதலில் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் அந்தப் பாதைக்கு சம்பா_ஷேர்_டி என்று பதிந்துவிட்டு, பிறகு ரீஸ்டோர்கான். சிஎச்கான் மட்டும் போட்டால் அடுத்த முழு ரீலேபிளில் போய்விடும். எஸ்இலினக்ஸையே நிரந்தரமாக அணைப்பது இதற்குத் தீர்வல்ல.

நகர்த்தி வந்த டிஸ்க்கை அப்படியே மவுன்ட் செய்து பகிர்ந்தால் இன்னொன்று: என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்க்குகளில் சிஎச்மாட் பொதுவாக வேலை செய்யாது. யுஐடி, ஜிஐடி, டிமாஸ்க், எஃப்மாஸ்க் என்ற மவுன்ட் தெரிவுகளில்தான் பர்மிஷன் முடிவாகும். ஃபைண்ட்எம்என்டி -டி (பெரிய எழுத்து) என்று பாதையைக் கொடுத்தால் ஃபைல் சிஸ்டத்தின் வகையும், மவுன்ட் ‘ஆர்ஓ’ ஆகிவிட்டதா என்பதும் தெரியும்.

எக்செல் ஃபைல்: நேற்று எழுத முடிந்தது, இன்று முடியவில்லை

இது மூன்றிலும் நுட்பமானது. ஸ்டாட் கட்டளையில் ஃபோல்டர் 2770, குரூப் கணக்கர்; குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் உள்ள 2 செட்ஜிஐடி: உள்ளே உருவாகும் எதுவும் கணக்கர் குரூப்புக்கே சேரும். ஃபைல் மட்டும் 740. குரூப்பின் இலக்கம் 4, படிக்க மட்டும். ஆனால் இந்த ஃபோல்டரில் குரூப்புக்கு முழு உரிமை தரும் டிஃபால்ட் ஏசிஎல் (உள்ளே புதிதாக உருவாகும் ஃபைலுக்குப் போய்ச் சேரும் கூடுதல் உரிமைப் பட்டியல்) ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஏன் எடுபடவில்லை? ஃபைலுக்கு கெட்எஃப்ஏசிஎல் போட்டதும் விடை அந்த வரியிலேயே இருந்தது:

குரூப்:கணக்கர்:ஆர்டபிள்யூஎக்ஸ் #எஃபெக்டிவ்:ஆர்--
மாஸ்க்::ஆர்--

கொடுத்தது முழு உரிமை. நடைமுறையில் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டும். நடுவில் வெட்டியது மாஸ்க். ஏசிஎல் உள்ள ஃபைலில், பெயர் குறிப்பிட்ட குரூப்புகளுக்கும் பயனர்களுக்கும் உச்ச வரம்பு மாஸ்க்தான். ஸ்டாட்டில் நடு இலக்கமாகத் தெரிவதும் குரூப்பின் உரிமை அல்ல, இந்த மாஸ்க்.

மாஸ்க் எங்கிருந்து 4 ஆனது? சம்பாவில் ‘கிரியேட் மாஸ்க்’ எழுதாவிட்டால் இயல்பு மதிப்பு 0744. புது ஃபைலை உருவாக்கும்போது சம்பா அந்த எண்ணைத் தாண்டாமல்தான் லினக்ஸின் மையமான கெர்னலிடம் கேட்கும். டிஃபால்ட் ஏசிஎல் தரும் மாஸ்க்கையும் கேட்ட எண்ணின் நடு இலக்கத்தையும் கெர்னல் ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பதை மட்டும் வைக்கும். 7-ம் 4-ம் சேர்ந்தால் 4. மற்றவர்களுக்கான கடைசி இலக்கம் டிஃபால்ட் ஏசிஎல்லில் 0. 4-ம் 0-ம் சேர்ந்தால் 0. அதனால் 740.

நேற்று எழுத முடிந்ததற்கும் காரணம் உண்டு. எக்செல் பழைய ஃபைலின் மேல் எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் ஒரு புது ஃபைலை எழுதி, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். சேமிப்பதற்கு முன்பும் பின்பும் எல்எஸ் -ஐ போட்டுப் பார்த்தால் ஐநோட் எண் (ஃபைலின் உள் அடையாள எண்) மாறியிருப்பதைக் கண்ணால் காணலாம். பெயர் அதே, ஃபைல் வேறு. முந்தைய ஃபைலுக்கு யாரோ கையால் கொடுத்திருந்த 660, கணக்கு1 முதல்முறை சேமித்தபோதே போய்விட்டது. கையால் சிஎச்மாட் போட்டால் ‘சரியாகி, மறுநாள் திரும்ப வரும்’ கோளாறுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சேமிப்பு முறைதான் இருக்கிறது.

எனவே திருத்தம் ஃபைலில் அல்ல, சம்பா கான்ஃபிகில் கணக்கு ஷேரின் பகுதியில்:

ரீட் ஒன்லி = நோ
வேலிட் யூசர்ஸ் = @கணக்கர்
ஃபோர்ஸ் குரூப் = +கணக்கர்
கிரியேட் மாஸ்க் = 0660
ஃபோர்ஸ் கிரியேட் மோட் = 0660
டைரக்டரி மாஸ்க் = 2770
ஃபோர்ஸ் டைரக்டரி மோட் = 2770

மாஸ்க் என்பது ‘இதற்கு மேல் கூடாது’. ஃபோர்ஸ் என்பது ‘இதற்குக் கீழே போகாது’. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் வேறு வழியே இல்லை. ஃபோர்ஸ் குரூப்பில் உள்ள கூட்டல் குறியை விடக் கூடாது: குரூப்பில் ஏற்கெனவே இருப்பவருக்கு மட்டும் அதை முதன்மைக் குரூப்பாக்கு என்று அதற்குப் பொருள். குறி இல்லாமல் எழுதினால் ஷேருக்குள் வரும் எவரையும் அந்தக் குரூப்பாகவே நடத்தும். ‘இன்ஹெரிட் பர்மிஷன்ஸ் = எஸ்’ எங்காவது இருந்தால் மேலே உள்ள நான்கு எண்களும் செல்லாது; அதை எடுத்துவிட வேண்டும்.

பிறகு டெஸ்ட்பார்ம் -எஸ். தப்பாக எழுதிய வரியைச் சம்பா தெரியாத பாராமீட்டர் என்று ஒதுக்கிவிட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். இங்குதான் அது பிடிபடும். எஸ்எம்பிகன்ட்ரோல் ஆல் ரீலோட்-கான்ஃபிக் கொடுத்து, கிளையன்ட் இணைப்பை ஒருமுறை அறுத்து இணைத்துவிட்டுச் சோதிக்கவும்.

பழைய ஃபைல்கள்

விதி மாறியபின்தான் இதற்கு வர வேண்டும். வரிசை மாறினால் திருத்திக்கொண்டிருக்கும்போதே புது 740-கள் பிறந்துகொண்டிருக்கும்.

சிஎச்குரூப் -ஆர் (பெரிய எழுத்து) கணக்கர் /எஸ்ஆர்வி/பகிர்வு/கணக்கு
ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பகிர்வு/கணக்கு -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 2770 {} +
ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பகிர்வு/கணக்கு -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 660 {} +

ஏசிஎல் உள்ள ஃபைலில் சிஎச்மாட் 660 போட்டால் மாற்றப்படுவது மாஸ்க். அது 6 ஆனதும் மேலே பார்த்த எஃபெக்டிவ் வரியில் எழுதும் உரிமை திரும்பிவிடும். சிஎச்மாட் -ஆர் 2770 என்று ஒரே அடியாக அடித்தால் எக்செல், பிடிஎஃப் ஃபைல்களுக்கெல்லாம் எக்ஸும் செட்ஜிஐடியும் ஏறிவிடும். செட்எஃப்ஏசிஎல்லில் பெரிய எக்ஸ் எழுதினால் ஃபோல்டர்களுக்கு மட்டும் எக்ஸ் கிடைக்கும் என்று நம்பி இறங்குபவர்கள், சம்பா உருவாக்கிய 740 ஃபைல்களில் உரிமையாளருக்கு எக்ஸ் ஏற்கெனவே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். யாருக்காவது எக்ஸ் இருந்தாலே பெரிய எக்ஸ் அதை குரூப்புக்கும் கொடுத்துவிடும்.

நீக்கியதை மீட்க முடியாது என்ற பயத்தில் சிலர் ஸ்டிக்கி பிட்டையும் சேர்த்து 3770 வைப்பார்கள். பலர் சேர்ந்து திருத்தும் ஃபோல்டருக்கு இது ஒத்துவராது. ஸ்டிக்கி இருந்தால் பிறர் ஃபைலை அகற்றவோ பெயர் மாற்றவோ முடியாது. எக்செல் சேமிப்பதே அந்த வழியில்தான்.

பர்மிஷனை விண்டோஸின் செக்யூரிட்டி பக்கத்திலிருந்து நிர்வகிக்கும் ஷேர் என்றால், அதாவது சம்பா கான்ஃபிகின் விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் வரியில் ஏசிஎல்_எக்ஸ்அட்டர் இருந்தால், மேலே உள்ள சிஎச்மாட் எதையும் அங்கே ஓட்டக் கூடாது. விண்டோஸ் ஏசிஎல் தனி இடத்தில் சேமிக்கப்படுகிறது. கீழே பர்மிஷன் மாறியிருப்பதைக் கண்டால், இயல்பு அமைப்பில் சம்பா சேமித்ததை ஒதுக்கிவிடும். கடையில் வாங்கிய என்ஏஎஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளிலும் அதன் நிர்வாகப் பக்கத்தின் வழியாகவே மாற்றுவது நல்லது.

சரிபார்த்தது

கணக்கு1 புது ஃபைலும் புது ஃபோல்டரும் உருவாக்கியது. கணக்கு2 அந்த ஃபைலை எக்செல்லில் திருத்திச் சேமித்தது, அந்த ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் போட்டது, ஃபோல்டரின் பெயரை மாற்றியது. மறுபடி கணக்கு1 அதே எக்செல் ஃபைலைத் திருத்திச் சேமித்தது. உண்மையான சோதனை இந்தக் கடைசிப் படிதான். அந்த நேரத்தில் ஃபைலின் உரிமையாளர் கணக்கு2. கணக்கு3 எல்லாவற்றையும் திறந்து பார்த்தது. குரூப்பில் இல்லாத ஒரு அக்கவுன்ட் ஷேருக்குள் நுழைய முயன்று மறுக்கப்பட்டது. மறுக்கப்பட வேண்டியவர் மறுக்கப்படுகிறாரா என்பதைப் பார்க்காமல் வேலையை முடிக்கக் கூடாது.

ஒரு நாள் கழித்து, விதிக்கு வெளியே ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க:

ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பகிர்வு/கணக்கு \( ! -குரூப் கணக்கர் -ஓ -டைப் எஃப் ! -பெர்ம் -0660 -ஓ -டைப் டி ! -பெர்ம் -2770 \) -எல்எஸ்

ஒரு வரியும் வராவிட்டால் சரி. வரி வந்தால் அந்த ஃபைல் பெரும்பாலும் சம்பா வழியாக வந்திருக்காது: சர்வரில் நேரடியாக எம்வி, சிபி -பி, அல்லது ஆர்சிங்க் -ஏ என்று பழைய பர்மிஷனோடு கொண்டுவந்ததாக இருக்கும். ஆர்சிங்க் தினமும் ஓடும் வேலையாக இருந்தால் அந்தக் கட்டளையில் --நோ-ஓ --நோ-ஜி --சிஎச்மாட்=டி2770,எஃப்660 என்று சேர்த்துவிட வேண்டும்; இதில் டியும் எஃப்பும் பெரிய எழுத்து.